டென்மார்க் என்ற நாய்க்கு வெள்ளவத்தையில் ஒரு வீடு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நெஞ்சில் வருடக்கணக்காக ஊறிக் கிடந்து ஒருநாள் பீறிட்டு வந்ததல்ல. நாகேந்திரம் கேட்டார், எழுதுகிறேன். நாகேந்திரம் ஒரு மாத இதழின் ஆசிரியர். மாதம் ஒருமுறை வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. வருவது வேறு விஷயம். போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய், பிளேன்ரீயும் வடையும் வாங்கித் தந்தார். வடையை நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்து விஷயத்துக்கு வந்தார்.

"றேமண்ட், அடுத்த இதழுக்கு ஒரு கதை வேணும். ஆனா யுத்தம் வேண்டாம். தணிக்கை இருக்கு. போனமுறை மூண்டு பக்கம் வெறும் வெள்ளையா விட்டனான். அந்த மூண்டு பக்கத்தையும் பாராட்டி ரெண்டு வாசகர் கடிதம் வந்திருக்கு."

"அப்ப எதைப் பற்றி எழுதுறது?"

"நாய், பூனை எண்டு ஏதாவது எழுதும். நாய்க்கு அரசியல் இல்லை."

நாகேந்திரம் ஒருநாளும் நாய் வளர்த்ததில்லை. நானும் வளர்த்ததில்லை. ஆனால் வெள்ளவத்தையில் நாய் வளர்க்க ஆசைப்பட்ட ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். அவருடைய சம்மதத்தைக் கேட்காமலே தொடங்குகிறேன், கேட்டால் தரமாட்டார்.

2

முதல் தொடக்கம்:

"வெள்ளவத்தைக் கரையின் பாறைகளை அலைகள் முத்தமிட்டுக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், பாலேஸ்வரி என்ற அந்த மூதாட்டி—"

நிறுத்திவிட்டேன். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில், வெள்ளவத்தைக் கரையில் மாலைப்பொழுதில் நின்று யாராவது அலைகளைப் பார்த்தால், காவலரணில் நிற்பவர் அவரைப் பார்ப்பார். அதோடு பாலேஸ்வரி அன்ரி தலைக்கு டை அடிக்கிறவர். மூதாட்டி என்ற சொல் அவர் கண்ணில் பட்டால் என்னோடு கதைக்கமாட்டார்.

இரண்டாம் தொடக்கம்:

"நாய் நன்றியுள்ள பிராணி. அது நம்மை—"

இது ஐந்தாம் வகுப்புக் கட்டுரை. அப்போதும் நல்ல புள்ளி கிடைக்கவில்லை.

மூன்றாம் தொடக்கம்:

"ரைகர்! ரைகர்! என்று உரத்துக் கூப்பிட்டபடி அவர் காலி வீதியில் ஓடினார்—"

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு ரைகர் இருந்தது உண்மை. ஆனால் ரைகர் என்றால் புலி என்கிற அந்த முசுப்பாத்தியை இந்த நகரத்தில் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். நாய்க்கதை என்றதும் நீங்களும் அதற்காகத்தான் காத்திருந்தீர்கள் என்று தெரியும். கிடைக்காது.

நான்காம் தொடக்கம் எழுதவில்லை. நேரே உள்ளே போவோம்.

3

கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிக்குப் போகிற வழியில், ஒரு பழைய களஞ்சியத்துக்குள் பொதுப் பிராணிகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. நகரத்தில் நல்ல மனது உள்ளவர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். நல்ல மனதுக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்கு வருவார்கள். மற்ற நாட்களில் எல்லாம் பிறிஜெற் அக்காதான். துறைமுகத்தில் தட்டெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் சண்டை பிடிப்பார். சின்ன வயதில் தேவாலயத்தில் நான் கொட்டாவி விட்டால் பின்னாலிருந்து தலையில் குட்டுகிறவர் அவர்.

அங்கே நாய்களுக்குப் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. நாயை விட்டுவிட்டுச் சொந்தக்காரர் எந்த நாட்டுக்குப் போனாரோ அந்த நாடுதான் நாயின் பெயர்.

"இது சுவிஸ். கிட்டப் போகாதீங்க, கடிக்கும்" என்று பிறிஜெற் அக்கா பாலேஸ்வரி அன்ரிக்குக் கூடு கூடாகக் காட்டிக்கொண்டு வந்தார். "இது ஜேர்மனி. சாப்பாட்டு நேரம் மட்டும் நம்மளத் தெரியும். நோர்வே ரெண்டு இருக்கு, ஒண்டையொண்டு பாக்க ஏலாது. லண்டன நேத்துத்தான் கேட்டில கட்டிட்டுப் போயிருக்காங்க. இன்னும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கு."*

பாலேஸ்வரி அன்ரி லண்டனின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைசிக் கூட்டுக்குப் போனார். அங்கே மண்ணிற நாயொன்று படுத்திருந்தது. வயசாளி. ஒரு காது கிழிந்திருந்தது. ஆட்கள் வந்து நிற்பதைக் கண்டும் எழும்பவில்லை, கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"இது ஆர்?"

"டென்மார்க்."

"இதைத் தாங்கோ" என்றார் அன்ரி.

"நீங்க எங்க இருக்கிறது?"

"வெள்ளவத்தை."

பிறிஜெற் அக்கா கூடுகளின் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வெள்ளவத்தை ஆளுங்களுக்கு நான் நாய் குடுக்கிறதில்ல. இங்க இருக்கிறதில முக்கால்வாசி வெள்ளவத்தையால வந்ததுதான்."

* கனடா இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருந்தன. ஒரு கனடாவைக் கூப்பிட்டால் ஒரு கூட்டமே எழும்பி வரும். கதாநாயக நாய்க்கும் அந்தப் பெயரையே வைக்கலாமா என்று யோசித்தேன், மிகவும் மலிவாக இருந்தது.

4

இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பாலேஸ்வரி, ஓய்வுபெற்ற உபதபாலதிபர், ஊர் கோண்டாவில், கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் நிர்மலன் ரொறன்ரோவில். தாயைக் கூப்பிட அவன் ஸ்பொன்சர் செய்து மூன்று வருடமாகிறது. அந்த மூன்று வருடமும் வெளிநாடு போகிறவர்களுக்காக நான் நடத்துகிற இங்கிலீஷ் வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறார். என் முதல் பாடத்தை என்னைவிட நன்றாகச் சொல்லுவார். இரண்டாம் பாடத்துக்கு வருவதற்கு அவருக்கு அவசரமே இல்லை. போன மாதம் நிர்மலன் தொலைபேசியில், எல்லாம் சரி, மெடிக்கலும் முடிந்தது, இனி ரிக்கெற் போடவேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறான். அடுத்த கிழமை இவர் நாய் வாங்கப் புறப்பட்டார்.

ரிக்கெற் போடப்போகிற மனிசி ஏன் நாய் தேடவேண்டும்? வாசகர் கேட்பார். நாகேந்திரமும் கேட்பார். "தனிமை" என்று எழுதினேன். கதைகளில் வயதான பெண்களுக்கு எப்போதும் தனிமை கைவசம் இருக்கும். ஆனால் அவர் சொன்னது வேறு.

"தொண்ணூற்றைஞ்சிலை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்கை எங்கடை நாய் வீமனும் பின்னாலை வந்தது, தம்பி. நான் கலைச்சனான், கல்லாலையும் எறிஞ்சனான். எண்டாலும் பாலம் வரைக்கும் வந்தது. பிறகு மழையும் சனமுமா—"

[இங்கே சில வரிகள் வெட்டப்பட்டுள்ளன. வெட்டியது நானேதான். நாகேந்திரத்துக்கு நாய்க்கதைதான் வேண்டும். இதுவும் நாய்க்கதைதான் என்று வாதாடலாம். ஆனால் பாலத்தைப் பற்றி எழுதினால் ஏன் பாலத்தில் அத்தனை சனம் என்று எழுதவேண்டும், ஏன் சனம் என்று எழுதினால் மூன்று பக்கம் வெள்ளையாகப் போகும். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை.]

ஆகவே, தனிமை. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

5

இனி வரப்போகிற காட்சிக்குச் சிங்களம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். பாத்திரங்களைச் சுற்றிப் பார்த்தேன். அன்ரிக்குச் சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். பிறிஜெற் அக்காவுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அவர் நீதிபதி, சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. வேறு வழியில்லாமல் நானே கதைக்குள் வரவேண்டியதாயிற்று. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கிரிக்கெற் விளையாடிப் படித்த சிங்களம், அவுட் இல்லை என்று வாதாடுவதற்கு நல்லது.

பிறிஜெற் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சமரசத்துக்கு வந்தோம். டென்மார்க் ஒரு கிழமை வெள்ளவத்தையில் பரீட்சார்த்தமாக இருக்கும். பிறகு அவர் வந்து வீட்டைப் பார்ப்பார். இந்த அம்மா இங்கேயே இருக்கிறவர் என்று திருப்திப்பட்டால் நாய் அவருக்கு. சந்தேகம் வந்தால் அன்றைக்கே கயிற்றோடு திரும்பிப் போகும்.

"அவவுக்கு என்னெண்டு தெரியும் நான் இருக்கப்போறனோ போகப்போறனோ எண்டு?" என்று அன்ரி பஸ்ஸில் கேட்டார்.

எனக்குத் தெரியும். பிறிஜெற் அக்கா வீடு பார்க்கிற விதத்தைக் கொட்டாஞ்சேனையில் எல்லாருக்கும் தெரியும். நாய்க்கு இடம் இருக்கிறதா, சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கமாட்டார். நேரே குசினிக்குப் போவார். போகிற ஆட்கள் அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குவார்கள், இருக்கிற ஆட்கள் மூட்டையாக வாங்குவார்கள். பிறகு சுவரைப் பார்ப்பார். போகிறவர்கள் வாடகை வீட்டில் புது ஆணி அடிக்கமாட்டார்கள். கடைசியாகச் சூட்கேஸ். அது எங்கே இருக்கிறது, தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

இதில் வந்த சிக்கல் என்னவென்றால், பாலேஸ்வரி அன்ரியின் ஹோல் வேறொருவருக்காக ஏற்கெனவே அலங்கரிக்கப்பட்டிருந்தது. தொடர்மாடிக்கு அடிக்கடி பொலிஸ் வரும். வடக்கிலிருந்து வந்தவர் ஏன் கொழும்பில் இருக்கிறார் என்று கேட்கும். அதற்குச் சரியான விடை ஒன்றுதான்: வெளிநாடு போக. போகிறவர்களை இந்த நகரத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். அதற்காகவே ரிவிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீலச் சூட்கேஸ், நாளைக்கே விமானம் என்பதுபோல நிமிர்ந்து நிற்கும். மேசையில் கனடா ஃபைல். சார்ஜன்ட் வாசலில் நின்று சூட்கேஸைப் பார்ப்பார். "கெனடா?" என்பார். அன்ரி "கெனடா" என்பார். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மூன்று வருடமாக அந்தச் சூட்கேஸ்தான் அவருக்குக் காவல்.

டென்மார்க்குக்கு அந்தச் சூட்கேஸைப் பிடிக்கவில்லை. வந்த அன்றே போய் மணந்து பார்த்தது, காலைத் தூக்கியது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அதுவே முதல் வேலை. வீட்டில் வேறெந்தச் சாமானையும் அது நனைத்ததில்லை. அன்ரி ஏசவே இல்லை, துணியால் துடைத்துவிட்டார். அந்தக் கிழமையில் அவர் சிரித்த சிரிப்பை மூன்று வருட வகுப்பில் நான் கண்டதில்லை. மத்தியானச் சோற்றில் முதல் கவளம் நாய்க்கு. நிர்மலன் தொலைபேசி எடுத்தால், நாய் குரைப்பது பக்கத்து வீட்டில் என்று சொன்னார்.

பிறிஜெற் அக்கா வருவதற்கு முதல்நாள் நானும் அன்ரியுமாக ஹோலை மாற்றி அமைத்தோம். ஒரு மூட்டை சம்பா அரிசி வாங்கிக் குசினி வாசலில், பார்க்கிறவர் கால் தடக்குகிற இடத்தில் வைத்தோம். சுவரில் புது ஆணி அடித்துப் பிள்ளையார் படம் மாட்டினோம். ஃபைல் மெத்தைக்குக் கீழே போயிற்று. சூட்கேஸை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிக்கலாம் என்று தூக்கினேன். பாரமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கியதில் பின்னால் விழப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"பொலிசுக்கு வெளியாலை மட்டும்தானே தெரியும்" என்றார் அன்ரி.

6

சனிக்கிழமை காலை பிறிஜெற் அக்கா குடையோடு வந்தார். நினைத்தபடி எல்லாம் நடந்தது. குசினி வாசலில் மூட்டை காலில் தடக்கியது, குனிந்து அமத்திப் பார்த்தார். ஆணியைப் பிடித்து ஆட்டினார். அலுமாரிக்கு மேலே எட்டிப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே குடையால் துழாவினார். பிறகு கதிரையில் இருந்து டென்மார்க்கைக் கூப்பிட்டார். அது வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, அன்ரியின் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பிறிஜெற் அக்காவின் முகம் இளகியதை நான் பார்த்தேன்.

"சரி, ஒரு தேத்தண்ணி தாங்க" என்றார். அவர் அகராதியில் அது கிட்டத்தட்டச் சம்மதம்.

அன்ரி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நிமிரக் கதவு தட்டப்பட்டது.

[நாகேந்திரம், பயப்படாதீர்கள். யுத்தம் வரவில்லை. ஒரு சார்ஜன்டும் ஒரு கொன்ஸ்தாப்பிளும் மட்டும்தான் வந்திருக்கிறார்கள்.]

சார்ஜன்டை முதலில் கெட்டவராக எழுதினேன், மீசை எல்லாம் வைத்து. பொருந்தவில்லை. பிறகு நல்லவராக எழுதினேன், அதுவும் பொருந்தவில்லை. வெயிலில் மாடி மாடியாக ஏறி வியர்த்துப்போன மனிதர் என்று விட்டுவிடுகிறேன். அவர் வழக்கம்போல ரிவிக்குப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெறும் நிலம்.

"கோ அர பேக் எக?" அந்தப் பை எங்கே என்றார்.

அவர் ஹோலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மேசையில் ஃபைல் இல்லை. சுவரில் புது ஆணி. குசினி வாசலில் மூட்டை. பிறிஜெற் அக்கா எதையெல்லாம் கண்டு மனம் இளகினாரோ அதையெல்லாம் அவரும் கண்டார். கண்டு அவருடைய முகம் வேறு மாதிரிப் போனது. மூட்டைக்குக் கிட்டப் போய்ச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்தார். தனி மனிசிக்கு இவ்வளவு அரிசி எதற்கு, இந்த வீட்டில் வேறு யார் யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. கொன்ஸ்தாப்பிள் அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே பார்க்கத் தொடங்கினான்.

அந்த அரிசியை வாங்கச் சொன்னது நான்.

சார்ஜன்ட் அன்ரியின் பக்கம் திரும்பினார். "அம்மே, கெனடா யன்னே நெத்த?" கனடா போகவில்லையா?

அன்ரிக்கு அந்தக் கேள்வி விளங்கியது. விடை சொல்லச் சிங்களம் போதாது. டென்மார்க்கின் கழுத்தில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் ஒரு இடமும் போகேல்லை எண்டு சொல்லும். அரிசி எனக்கும் நாய்க்கும் எண்டு சொல்லும்."

பிறிஜெற் அக்கா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கவேண்டியவன் நான்.

7

முடிவு (அ). சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொல்கிறேன். போகவில்லையா, அப்படியானால் ஏன் இங்கே இருக்கிறார், மூன்று வருடமாக ஏன் கனடா என்று சொன்னார் என்று சார்ஜன்ட் கேட்கிறார். எல்லாம் நியாயமான கேள்விகள். சின்ன விசாரணை ஒன்று, ஸ்ரேசனுக்கு வந்துவிட்டுப் போகலாம் என்கிறார். வந்துவிட்டுப் போகலாம் என்பதில் போகலாம் என்ற பகுதிக்கு இந்த நாட்களில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பிறிஜெற் அக்கா நாயை அன்ரிக்கே கொடுத்துவிடுகிறார். அது பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்திருக்கிறது.

முடிவு (ஆ). "அடுத்த மாதம் போகிறார், மஹத்தயா. சூட்கேஸின் சில்லு உடைந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறது" என்கிறேன். பயணம் போகுமுன் விருந்து வைக்க வாங்கிய அரிசி என்கிறேன். ஃபைலையும் மெத்தைக்குக் கீழிருந்து எடுத்துக் காட்டுகிறேன். சார்ஜன்ட் நல்ல பயணம் சொல்லிவிட்டுப் போகிறார். பிறிஜெற் அக்கா கோப்பையை வைத்துவிட்டுக் கயிற்றை எடுக்கிறார். டென்மார்க் எழும்பி அவர் பின்னால் போகிறது. இழுபறிப்படவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு இது பழக்கம். இந்த முடிவை எழுதும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

முடிவு (இ). இது நாகேந்திரத்துக்காக. சார்ஜன்ட் நாயைக் கண்டதும் முழந்தாளில் இருக்கிறார். குருநாகலில் அவருக்கும் சின்ன வயதில் இப்படியொரு நாய் இருந்ததாம். கண் கலங்குகிறது. அன்ரி அவருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறார். மனிதர் எல்லாரும் ஒன்று என்று பிறிஜெற் அக்கா மூன்று மொழியிலும் சொல்கிறார். சார்ஜன்ட் ஒரு நோர்வேயைத் தத்தெடுக்கிறார். தணிக்கையில் ஒரு வரியும் போகாது, ஏதாவதொரு பரிசுகூடக் கிடைக்கும். எழுதிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

8

வேறு வழியே இல்லையா என்று கெட்டிக்கார வாசகர் கேட்பார். சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் பொய்யைச் சொல்லிவிட்டுப் பிறிஜெற் அக்காவுக்குக் கண்ணைக் காட்டலாமே? காட்டலாம். என்னைவிட நன்றாகக் கண்ணைக் காட்டி அவரை நம்பவைத்துவிட்டுப் போனவர்களுடைய நாய்கள்தான் அந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். அன்ரி சொன்னது உண்மையா? மகன் ரிக்கெற் போட்டால் இவர் போகமாட்டாரா? பேரப்பிள்ளை பிறந்து அப்பம்மா என்று தொலைபேசியில் கூப்பிட்டாலும் போகமாட்டாரா? எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பார்கள். அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கப் பயப்பட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெளிநாடு போகவில்லை என்று பொலிசிடம் சொல்லச் சொன்ன வேறொருவரையும் வெள்ளவத்தையில் நான் கண்டதில்லை. அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருடைய குரல் நடுங்கவில்லை.

ஆகவே நான் எழும்புகிறேன். கதைக்குச் சிங்களம் தெரிந்த ஆள் தேவைப்பட்டதால் வந்தவன், கூலிக்கு வந்தவனும் இல்லை. வடையும் பிளேன்ரீயும் எப்போதோ செமித்துவிட்டன. என் கதிரையில் நீங்கள் வந்து இருங்கள். சிங்களம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, சொல்லவேண்டியதைத் தமிழில் யோசித்தாலே போதும், மிச்சத்தை நான் காதுக்குள் சொல்லித் தருகிறேன். கொன்ஸ்தாப்பிள் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். பிறிஜெற் அக்காவின் கையில் கோப்பை இருக்கிறது, இன்னும் குடிக்கவில்லை. அன்ரி நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

சார்ஜன்ட் இரண்டாம் முறை கேட்கிறார். இந்த முறை உங்களைப் பார்த்து.